கீல்முளை மேல்நோக்குக் கொள்கை

மனிதகுலத்தின் முன்னேற்றம் அனைத்தும் ஒரு கேட்டில் தொடங்கி இன்னொரு கேட்டில் முடிகிறது. இது யாரோ போகிற போக்கில் சொன்னதல்ல. பெரிய மாட்டுப் பண்ணையின் மேலாளர் அவர்கள், மூன்று நாள் பயிற்சி முகாம் முடித்துத் திரும்பிய கையோடு வெளியிட்ட சுற்றறிக்கை எண் ஒன்றின் முதல் வரி. முகாமுக்குப் போகும்வரை அவரைப் பொறுத்தவரை கேட் என்பது ஜீப் வரும்போது யாராவது ஓடிவந்து திறக்கிற பொருள். திரும்பி வந்தபோது அது 'தொலைநோக்கு' ஆகியிருந்தது.

அதுவரை பண்ணையின் பதினோரு வாசல்களையும் காத்துவந்தவை மூங்கில் கழிகள், கயிற்றுத் துண்டுகள், ஒரு மேய்ப்பர். கழி உளுத்தது. கயிறு இற்றது. மேய்ப்பர் மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தார்.

பதினோரு இரும்புக் கேட்டுகளுக்கான ஆர்டர் இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருந்த வெல்டருக்கு வந்தது. மேய்ப்பர் அவருடைய தங்கை கணவர். ஆர்டர் வந்த மறுநாளே தங்கை பட்டறைக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு மெமோ.

"அண்ணே, இதைப் படி."

வெல்டர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். சென்ற மாதம் காளை ஒன்று சாலைக்குப் போய் லாரியை மறித்து நின்றதற்கு மேய்ப்பரே 'முழுமுதற் காரணம்' என்றும், இனி ஒரே ஒரு கால்நடை வளாகத்தைவிட்டு வெளியேறினாலும் மேய்ப்பரும் அவ்வண்ணமே வெளியேற்றப்படுவார் என்றும் கண்டிருந்தது.

"கயிறு அறுந்ததுக்கு மாப்ள என்ன பண்ணுவாரு? புதுக் கயிறு கேக்கலையா?"

"நாலு தடவ எழுதிக் கேட்டாரு. நாலுக்கும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வந்துச்சு. கயிறத் தவிர எல்லாம் வந்துச்சு." அவள் குரல் இறங்கியது. "வேலை போனா வீடும் போயிரும்ணே. குவார்ட்டர்ஸ் வீடு. பிள்ளைங்க பரீட்சை நேரம்."

"சும்மா இரு. நான் செய்யிற கேட்டுல காத்துகூட அனுமதி கேட்டுட்டுத்தான் போகும்."

அன்றே பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் கேட்டை வரைந்தார். கன்று தலையை நுழைக்காதபடி கீழ்க் கம்பிகளை நெருக்கமாகவும், மேலே போகப்போக இடைவெளி விட்டும் போட்டார். மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம். எல்லாவற்றையும்விட முக்கியமானது கீல். தூணில் இரண்டு முளைகள். கேட்டில் இரண்டு வளையங்கள். வளையம் முளையில் உட்காரும். கீழ் முளை வானத்தைப் பார்க்க வேண்டும், மேல் முளை தரையைப் பார்க்க வேண்டும். கேட்டைக் கீழ் முளையில் நிறுத்திய பிறகு, மேல் முளையைத் தலைகீழாக வளையத்துக்குள் விட்டுத் தூணோடு பற்றவைப்பார். அப்புறம் பத்துப் பேர் சேர்ந்து தூக்கினாலும் கேட் கழலாது. மாட்டுக் கேட் செய்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி இது.

எவருக்கும் என்றால், 'கேட் மேன்மைக் குழு' நீங்கலாக.

அந்தக் குழு மூன்றாம் நாள் பட்டறைக்கு வருகை தந்தது. மேலாளர் தலைவர். முகாம் நடத்திய ஆலோசகர் உறுப்பினர். அலுவலக சூப்பிரண்டு, நோட்டுடன் கூடிய உறுப்பினர். மாதிரிக்குத் தூணோடு மாட்டி நிறுத்தியிருந்த முதல் கேட்டை ஆலோசகர் சுற்றி வந்தார். மோவாயைத் தடவிக்கொண்டார்.

"இந்தக் கேட்டைத் திறக்கும்போது ஒருத்தருக்கு என்ன உணர்வு வரும்?"

வெல்டர் யோசித்தார். "கை அழுக்காகும் சார்."

'உணர்வு: அழுக்கு' என்று சூப்பிரண்டு குறித்துக்கொண்டார்.

மேலாளரின் பார்வை அதற்குள் கீலில் போய் நின்றுவிட்டது. "இந்த முளை ஏன் தலைகீழா இருக்கு?"

"மாடு கம்பிக்கு அடியில கழுத்தக் குடுத்துத் தூக்கும் சார். ரெண்டு முளையும் மேல பாத்துச்சுன்னா, பாத்திரத்து மூடி மாதிரி கேட்டை எடுத்துட்டுப் போயிரும். ஒண்ணு கீழ பாத்தா எடுக்க முடியாது."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு நிறுவனத்தின் மானம் ஊசலாடும் தருணங்களில் பெரியவர்கள் இப்படித்தான் கண்ணாடி துடைப்பார்கள்.

"சூப்பிரண்டு, இந்த ஆண்டுக்கான நம்ம இலக்கு வாசகம் என்ன?"

"'எல்லாம் மேல்நோக்கி', சார்."

"எல்லாம் மேல்நோக்கி. இங்க ஒரு முளை கீழ்நோக்கி. பாக்குறவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"மாடு என்ன நினைக்கும்னுதான் சார் நான் பாத்தேன்," என்றார் வெல்டர்.

"மாடு இந்தக் குழுவுல உறுப்பினர் இல்ல," என்றார் ஆலோசகர்.

சுற்றறிக்கை எண் நான்கு அன்று மாலையே வந்தது. பொருள்: கீல்முளை மேல்நோக்குக் கொள்கை. இருபத்திரண்டு முளைகளும் விதிவிலக்கின்றி வானத்தைப் பார்க்க வேண்டும். தவறினால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போகும். வெல்டருக்கு அந்த வேறு பட்டறையையும் தெரியும், அங்கே போடுகிற பைப்பின் கனத்தையும் தெரியும். காளை தும்மினால் வளையும். சரி என்று தலையாட்டினார்.

விஷயம் கேள்விப்பட்ட மேய்ப்பர் ஓடிவந்தார். "மச்சான், மத்ததெல்லாம் பரவாயில்ல. சம்மந்திய நினைச்சாதான் பயமா இருக்கு."

சம்மந்தி என்பது பண்ணையின் மிகப் பெரிய காளை. தீவனம் வைத்தால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கவனிப்பு கொஞ்சம் குறைந்தாலும் கிளம்பிவிடும். பெயர் வைத்தவர் மேய்ப்பர்தான்.

"பயப்படாத மாப்ள. முளை மேலயே பாக்கட்டும். கேட்டை மாட்டின பிறகு முளை உச்சியில ஒரு வாஷர வெச்சு ரெண்டு பொட்டு பத்தவெச்சுட்டா, வளையம் எங்க போகும்?"

"கண்டுபிடிச்சுட்டா?"

"அதுக்கு அவங்க கேட்டுக்கிட்ட வரணுமே!"

அவர்கள் வரவில்லை. ஆகவே பத்து கேட்டுகளின் முளைகளும் வானத்தைப் பார்த்தபடி, தலையில் வாஷர் தொப்பியுடன், பத்திரமாயின. பதினோராவது, முன்வாசல் கேட். அதை மாட்டி முடித்ததுமே சூப்பிரண்டு ரிப்பனைச் சுற்றிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். திறப்பு விழா முடியும்வரை யாரும் தொடக்கூடாதென்று உத்தரவு.

"சார், ஒரே ஒரு வாஷர். ரெண்டு நிமிஷ வேலை."

"பெயின்ட் கருகும்."

"நான் மறுபடி அடிச்சுத் தர்றேன் சார்."

"அதுக்கு மறுபடி குழு கூடணும்."

குழு கூடுவதைத் தடுக்க வேண்டும் என்ற பொதுநல நோக்கில் வெல்டர் திரும்பிவிட்டார்.

விழா பத்து மணிக்கு. திறந்துவைக்க வேண்டிய நிறுவனத் தலைவர் ஒரு மணிக்கு வந்தார். கேட்டின் உறுதி புகைப்படத்தில் எடுபடுவதற்காக, பின்னால் பெரிய காளை ஒன்று நின்றாக வேண்டும் என்பது ஆலோசகரின் யோசனை. ஒன்பது மணியிலிருந்தே சம்மந்தி நின்றுகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி கேட்டுக்கு இந்தப்பக்கம், விழாப் பந்தலை ஒட்டி.

"சார், அதுக்குத் தண்ணி காட்டணும்," என்று மேய்ப்பர் மூன்று தடவை கேட்டார்.

"வரவேற்புரை முடியட்டும்."

வரவேற்புரை முடிந்தது. சிறப்புரை தொடங்கியது. 'கேட் என்பது வெறும் இரும்பல்ல' என்று ஆலோசகர் சொல்லிக்கொண்டிருக்கையில் சம்மந்தி மேலிருந்து மூன்றாவது கம்பிக்கு அடியில் கழுத்தைக் கொடுத்தது. ஒரு முறைதான் நிமிர்ந்தது. இரண்டு வளையங்களும், கொள்கையில் கண்டவாறே, மேல்நோக்கிப் பயணித்தன. கொண்டி நெளிந்து விட்டுக்கொடுத்தது. கேட் முழுதாகக் கழுத்தில் ஏறிக்கொள்ள, ரிப்பன் கொம்பில் பறக்க, காளை பந்தலுக்குள் இறங்கியது. நிகழ்ச்சி நிரலில் இதுவும் உண்டுபோல என்று நிறுவனத் தலைவர் பலமாகக் கைதட்டினார். மேலாளர் மேஜை மேல் ஏறினார். ஆலோசகர் மேஜைக்கு அடியில் போனார். சூப்பிரண்டு நோட்டைக் கேடயமாகப் பிடித்தார்.

தொட்டியில் குனிய முடியாமல், கழுத்துக் கேட் இடிக்க, கோபத்தில் சம்மந்தி நேரே சாலைக்குப் போய் நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒருவரும் அருகே போகவில்லை. மேய்ப்பர் மட்டும் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்.

"வாங்க சம்மந்தி, வாங்க. தப்பு எங்க மேலதான். கோவிச்சுக்காதீங்க."

காளை உறுமியது. கூட்டத்தில் நின்ற வெல்டர் ஓரடி முன்னால் வந்தார். மேய்ப்பர் வாளியை அதன் வாய் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். ஒரு வாளி முழுவதும் குடித்தது. பிறகு காலி வாளியின் பின்னால், பெண் வீட்டார் சமாதானப்படுத்திக் கூட்டிவந்ததைப் போல, தலை நிமிர்ந்து திரும்பி நடந்து வந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து கேட்டைக் கழற்றினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

விசாரணை நடந்தது. விசாரித்தது அதே குழு. பதினோராவது கேட் அங்கீகரிக்கப்பட்ட வடிவத்தில் இருந்தது, அங்கீகரிக்கப்பட்ட திசையிலேயே கழன்றது; ஆகவே அதில் குறையில்லை. மற்ற பத்தில் 'அனுமதியற்ற வாஷர்கள்' கண்டறியப்பட்டன. எனவே வெல்டருக்கு இனி பண்ணையில் வேலை கிடையாது. அகற்றினால் பெயின்ட் கெடும் என்பதால் வாஷர்கள் மட்டும் பணியில் நீடிக்கலாம்.

மேய்ப்பருக்குத் தனிக் கடிதம். அவர் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வெல்டர் சத்தமாகப் படித்தார்: "'பத்து கேட்டுகள் அசையாது நிற்பதால் மேய்ப்பர் பணி தேவையற்றதாகிறது. ஒரு கேட் கழன்றதால் மேற்படியார் அப்பணிக்குத் தகுதியற்றவராகிறார்.'"

"இதுல எது மச்சான் காரணம்?"

"ரெண்டும்தான் மாப்ள. ஒண்ண அசைச்சா இன்னொண்ணு தாங்கிப் பிடிக்கும். நான்கூட இப்படிப் பத்தவெச்சதில்ல."

வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்தார்கள். தங்கை பாத்திர மூட்டையும், பிள்ளைகள் புத்தகப் பையும், மேய்ப்பர் கட்டிலுமாக முன்வாசலுக்கு வந்தபோது சூப்பிரண்டு மறித்தார்.

"கட்டிலுக்கு அனுமதிச் சீட்டு இருக்கா?"

"மனுஷனுக்கு வேணாமா சார்?" என்றாள் தங்கை.

"மனுஷனுக்குத்தான் ஆர்டர் போட்டாச்சே."

அன்றிலிருந்து அந்தப் பண்ணையை விட்டு ஒரு கால்நடைகூட வெளியேறியதில்லை. மேலாளர் இருக்கிறார். ஆலோசகருக்கு நிரந்தர அறை கொடுத்திருக்கிறார்கள். சூப்பிரண்டின் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கேட்டுகளின் உறுதியை வெல்டர் இப்போது மறுப்பதில்லை: வெளியே போயிருக்க வேண்டியவர்களில் ஒருவரைக்கூட அவை வெளியே விடவில்லை.