மாமியார் வீட்டு மாடி

மாமியார் கட்டிய மாடி அறைக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு, அதே மாமியார் கையால் சாப்பிட உட்கார்ந்தார் மாப்பிள்ளை. நகராட்சியில் கட்டட ஆய்வாளர், வீட்டோடு மாப்பிள்ளை. இரண்டில் ஒன்றாக மட்டும் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

"அப்படி என்ன குறை கண்டீங்க?" மாமியார் கரண்டியும் கையுமாக நின்றார்.

"கூரை ஷீட்டைச் சுவரோட பிடிச்சு வைக்க இரும்புப் பட்டையே இல்லீங்க அத்தை. பெருங்காத்து அடிச்சா பறந்துடும்."

"இந்தத் தெருவுல யாரு பட்டை போட்டிருக்கா?"

"அதெல்லாம் நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி கட்டினதுங்க."

"கையெழுத்தைப் போடுங்க. இல்லேன்னா பெட்டியைக் கட்டுங்க."

தண்ணீர் வைக்கிற சாக்கில் மனைவி குனிந்தாள். "ஏங்க, இந்தப் பொல்லாப்பு உங்களுக்கு எதுக்கு? வேற யாரையாவது அனுப்பிடுங்களேன்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாளே சக ஆய்வாளரை அனுப்பினார். அந்தப் புண்ணியவான் பட்டையோடு விடாமல், படிக்கட்டும் குறுகல் என்று எழுதிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை பதறிப்போய் மேலதிகாரியிடம் ஓடினார். "கவலைப்படாதே, நானே வந்து பார்க்கறேன்," என்றார் அவர். வந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். தூணும் தேறவில்லை.

மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டு வைக்கிற சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்டது. இனி இந்த வீட்டில் காலம் தள்ள முடியாது என்று மாப்பிள்ளை பயந்துபோனார். தன் செலவிலேயே ஆள் வைத்து மூன்றையும் சரிசெய்தார். அதன் பிறகே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் புயல் வந்தது. விடிந்தபோது அந்தத் தெருக் கூரைகளில் பாதி பக்கத்துத் தெருவில் கிடந்தன. கூரை போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு மாமியாரின் மாடி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சேதம் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அம்மாள் வந்தார். மாடியை அண்ணாந்து பார்த்தார். "இங்க எங்களுக்கு வேலையே இல்லே. அடுத்த வருஷம் பிரீமியம்கூடக் குறையும்."

"அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க," என்றார் மாப்பிள்ளை. "கேட்ட உடனே கையெழுத்துப் போடலேன்னு என் மாமியார் இன்னும் என்கூடப் பேசலே."

மாமியார் மெல்ல உள்ளே நழுவப் பார்த்தார்.

"இவங்களா?" அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "பொண்ணுக்கு வரன் தேடறப்போ எங்க ஆபீசுக்கு வந்து, எந்த ஆய்வாளர் கையெழுத்துப் போட்ட வீட்டுக்கு நஷ்ட ஈடே கேட்டு வரலேன்னு விசாரிச்சு, உங்களைப் புடிச்சதே இவங்கதாங்க."