நீச்சலைக் கழித்துப் பார்த்தால்

மார்ச் 9. ஏரிக்கரை முப்போட்டி (டிரையத்லான்). பங்கேற்றோர் 118. பல் மருத்துவர் பெற்ற இடம் 71. அவர் கூறிய காரணம்: நீச்சல்.

ஜூன் 15. அதே ஏரி. பங்கேற்றோர் 96. பெற்ற இடம் 58. காரணம்: நீச்சல்.

செப்டம்பர் 14. பங்கேற்றோர் 110. பெற்ற இடம் 66. காரணம்: நீச்சல்; துணைக் காரணம்: இடம் மாறிய ஓர் எல்லை மிதவை.

வாசகரே, மேற்கண்ட பதிவுகள் ஓர் இனத்தைச் சேர்ந்தவை. அதன் பெயர் ‘நீச்சலைக் கழித்துப் பார்ப்பவர்’. முதலில் நீந்தி, கரையேறி மிதிவண்டி மிதித்து, இறங்கி ஓடி முடிக்கும் இப்போட்டி எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் இவ்வினம் செழித்து வளர்கிறது. ஈரத் தலை, இரு கண்களையும் சுற்றி நீச்சல் கண்ணாடி பதித்த வட்டத் தடம், “தண்ணியிலேயே போச்சு” என்னும் ஒற்றைக் குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவருக்குக் கூடம் ஈரம்.

உண்மையில் நீச்சல் எவ்வளவு? போட்டியின் மொத்த நேரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இவரது பேச்சில் ஆறில் ஐந்து பங்கு. முன்னணி வீரர்களுக்கு அந்த ஒரு பங்கும் பெரிதுதான். முதல் கூட்டத்தோடு கரையேறுபவர், அக்கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் மிதிவண்டியில் போய்விடலாம், பிந்தியவர் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். இதை எங்கோ படித்த நாள்முதல் நம் பல் மருத்துவர் தம்மையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். எழுபத்தோராம் இடத்தில் வருபவருக்குக் காற்றை மறைக்க எந்த முதுகும் இல்லை என்பதை அவரிடம் யார் சொல்வது?

அவருடைய மருத்துவமனையில் இதைச் சொல்ல எவருக்கும் வாய்ப்பில்லை. நோயாளி சாய்ந்து படுத்து, கன்னம் மரத்து, இருபுறமும் பஞ்சு அடைக்கப்பட்டு, எச்சில் உறிஞ்சும் குழாய் ஓரமாகக் குறட்டை விட, வாயை முழுதாகத் திறந்திருக்கும் அந்தப் பொன்னான வேளையில்தான் மருத்துவர் ஏரியில் இறங்குவார். முன்னால் போனவரின் குதிகால் மூக்கில் பட்டது, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது, சூரியன் நேராக முகத்தில் அடித்தது, மிதவை நகர்ந்தது, நகர்ந்த மிதவையைச் சுற்றியதால் தாம் மட்டும் கூடுதலாக நீந்தியது என எல்லாம் வரிசையாக வரும். கையில் ஊசி இருந்தால் கையை வீசிக் காட்டமாட்டார். அந்த அளவுக்குப் பொறுப்பானவர்.

“அங்க மட்டும் விடாம இருந்திருந்தா நான் எங்க இருந்திருப்பேன்னு நினைக்கிறீங்க?”

“ஆ,” என்பார் நோயாளி.

“அதேதான்.”

வீட்டில் பஞ்சு கிடையாது. எனவே வீட்டில் எதிர்க்கேள்வி உண்டு. செப்டம்பர்ப் போட்டி முடிந்த மறுநாள் மாலை, சாப்பாட்டு மேசையில் முடிவுப் பட்டியலை விரித்து வைத்து, தமது மொத்த நேரத்திலிருந்து நீச்சல் நேரத்தைக் கழித்துவிட்டு, மருத்துவர் நிமிர்ந்தார்.

“நாலாவது இடம்.”

மனைவி எட்டிப் பார்த்தார். “உங்க நீச்சலைக் கழிச்சிருக்கீங்க. மத்தவங்க நீச்சலைக் கழிக்கலையே?”

“அவங்களுக்குத்தான் நீச்சல் நல்லா வந்துச்சே. அதை எதுக்குக் கழிக்கணும்?”

மனைவி பட்டியலை மடித்து வைத்தார். அவரிடம் வேறொரு வழக்கு இருந்தது. மருத்துவரின் மிதிவண்டி படுக்கையறையில் வசித்துவந்தது. துணி அலமாரியைத் திறக்க வேண்டுமானால் மனைவி நாள்தோறும் அதன் முன்சக்கரத்தைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது கைப்பிடி இடுப்பில் இடிக்கும். இடித்தால் “பாத்து, அதுக்கு அடிபட்டுடப் போகுது” என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வரும்.

“அடுத்த போட்டியில பாதிப் பேருக்கு முன்னால வாங்க. வண்டி இந்த ரூம்லயே இருக்கட்டும், நான் வாயே திறக்கல. வரலன்னா தம்பிக்குக் குடுத்துடணும். புதுசும் வாங்கக் கூடாது.”

தம்பி என்றது மின்தூக்கி பழுதுபார்க்கும் அவருடைய உடன்பிறப்பை. அந்த மைத்துனன் எதிரே அமர்ந்து அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த மிதிவண்டியை அவன் பார்க்கும் பார்வை, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர் இலையைப் பார்க்கும் பார்வை.

“அத்தான் ஜெயிச்சிடுவாருக்கா,” என்றான். “நீச்சல் மட்டும் இல்லன்னா.”

நவம்பர் 23. பங்கேற்றோர் 104. பாதி என்பது 52.

அன்று காலை ஏரியைக் காணவில்லை. பனிமூட்டம் கரைவரை ஏறி நின்றது. காப்புப் படகில் இருந்தவருக்குத் தம் துடுப்பின் நுனியே தெரியவில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: நீச்சல் ரத்து, மிதிவண்டியும் ஓட்டமும் மட்டும்.

கூடியிருந்தோர் அனைவரும் திரும்பி ஒருவரையே பார்த்தனர். அவர் பிறவிப் பயன் எய்தவேண்டிய நேரம் அது. கேட்டது கிடைத்த மனிதரின் முகம் எப்படி இருக்கும்? பல் மருத்துவரின் முகம், பல் பிடுங்க வந்தவரின் முகம்போல் இருந்தது.

“என்னங்க, சந்தோஷம்தானே?” என்றார் மனைவி.

“நீச்சல் இருக்கும்னுல்ல தயாராகி வந்தேன்.”

ஆனாலும், நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும், அன்று அவர் மிதித்தார். முகத்தில் பனி வழிய, பற்களைக் கடித்து (தொழில்முறையில் அவர் எவருக்கும் பரிந்துரைக்காத செயல்), மேட்டில் எழுந்து நின்று, இறக்கத்தில் குனிந்து படுத்து, மிதிவண்டியை நிறுத்தி ஓடத் தொடங்கும் வேலிக்குள் அவர் நுழைந்தபோது நாற்பத்தோராம் இடத்தில் இருந்தார். பதினொரு பேர் முந்தினாலும் மிதிவண்டி படுக்கையறையிலேயே இருக்கும். மனைவி வேலிக்கு வெளியே நின்றபடி, தம் இடுப்பை மறந்து, கை தட்டினார்.

மைத்துனனும் வேலியருகே நின்றான். மருத்துவர் குந்தி உட்கார்ந்து வலது காலணியை மாட்டி முடித்திருந்தார். மைத்துனன் மிகுந்த மரியாதையோடு குனிந்தான்.

“அத்தான், ஒரே ஒரு சந்தேகம். போன தடவை அந்த மிதவை நகர்ந்துச்சே. அது இடது பக்கம் போச்சா, வலது பக்கம் போச்சா?”

மருத்துவரின் கை நின்றது. இவ்வளவு நாளில் எவரும் தாமாகக் கேட்டிராத கேள்வி அது.

“ஓடுங்க,” என்றார் மனைவி.

“இரும்மா, புள்ள ஆசையாக் கேக்குறான். முதல்ல இடது பக்கம்டா. அப்புறம் பாரு, காத்து…”

வலது காலில் காலணி, இடது காலில் வரலாறு. குதிகால் வந்தது, மூக்கு வந்தது, சூரியன் வந்தது. பக்கத்தில் மிதிவண்டியை நிறுத்திய இருவர், ஓட வந்த காரியத்தை மறந்து, தத்தம் மிதவைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினர். மற்றவர்கள் கடந்து ஓடினர். மைத்துனன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “அப்படியா” என்றான். அதைவிடக் கொடிய சொல் தமிழில் உண்டா?

“என்னங்க, செருப்புக் கடையா இது? ஓடுங்கன்றேன்ல!”

ஓடினார். நாக்குத் தள்ள ஓடினார். கடைசித் திருப்பத்தில் மூவரைப் பிடித்தார், கோட்டருகே ஒருவரைப் பிடித்தார், அடுத்தவரின் தோளுக்குப் பின்னால் அரை கை தூரத்தில் முடித்தார். அவர் பெற்ற இடம் 53.

மனைவி தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; ஆனால் மண்ணே இல்லாத இடத்தில் விழுந்து பழகியவர் என்ன செய்வார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். அவர் குடித்தார், வாயைத் துடைத்தார், மூச்சைச் சேகரித்தார்.

“நீச்சல் இருந்திருந்தா,” என்றார், “மத்தவங்க எல்லாரும் களைச்சிருப்பாங்க.”

“வண்டிப் பூட்டுச் சாவி?” என்றார் மனைவி.

மாலையில் மைத்துனன் வந்து மிதிவண்டியை மின்தூக்கியில் செங்குத்தாக நிறுத்தி இறக்கிச் சென்றான். மனைவி அலமாரியை முழுதாகத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். மருத்துவர் கட்டிலில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு நீந்தவே தெரியாது, ஆகவே இது உங்களைப் பற்றியதன்று என்கிறீர்கள். நன்று. முதல் வேலையில் வாய்த்த அந்த மேலாளர் மட்டும் இல்லாதிருந்தால் இன்று எந்த நாற்காலியில் இருந்திருப்பீர்கள் என்று சென்ற வாரம் யாரிடமோ விளக்கினீர்களே, அப்போது எதைக் கழித்துக்கொண்டிருந்தீர்கள்? கேட்டவர் ‘அப்படியா’ என்றாரா? அவருடைய கண் உங்கள் வீட்டில் எந்தப் பொருள்மீது இருந்தது?

அவசரப்பட்டு மறுக்க வேண்டாம். இவ்வினத்தின் எண்ணிக்கை குறித்து ஒரு பதிவு மட்டும் எஞ்சியுள்ளது. நவம்பர் 23. நீச்சல் ரத்து செய்யப்பட்ட போட்டி. முடிவுக் கோட்டருகே, தம் இடத்துக்கு நீச்சலைக் காரணமாகக் கூறியோர்: 31.