ருசி பார்க்க ஆளில்லாத விளாம்பழப் பாகு

பதுளை,
நோன்பு நாலு.

அல்லாஹ்வின் கிருபையை முன்வைத்து, காலியில் இருக்கும் என் கூடப்பிறந்த முஹ்ஸினாவுக்கு உன் ராத்தா லரீபா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன்மேல் எனக்குள்ள கோபமும் சுகமாகவே இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால், உனக்கு வாசித்துக் காட்டும் மருமகள் ஹம்ஸியா பொறுத்துக்கொள்ளட்டும். வாப்பா என்னைப் படிக்க அனுப்பியது இரண்டே வருஷம், அதிலும் பாதி நாள் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

நமக்கு மூத்த நானாவின் மகன் பாறூக் காலியிலிருந்து நேற்றுத் துணி மூட்டையோடு வந்தான். "சின்ன மாமிக்குக் காய்ச்சல் விட்டுட்டுது. ஆனா வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்ல. உம்மாட விளாம்பழப் பாகு ஈந்தா ரெண்டு வாய் தின்பேன் எண்டு செல்றாங்க" என்றான். பதினொரு வருஷத்துக்கு முன், என் மகள் ஸுபைராவின் கலியாணத்தில், அத்தனை பெண்களுக்கும் கேட்க, "ராத்தாவுக்கு உம்மாட கை ருசி வரல்ல" என்று சொன்னவள் நீ. பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாய், வாயில் என் வீட்டு வெற்றிலை. அடுத்த நாள் ஒரு வாய் தேயிலையும் குடிக்காமல் வண்டியேறினாய். வண்டிச் சத்தம் பாலம் தாண்டும்வரை நான் திரைக்குப் பின்னால் நின்றதும், இனிச் செத்தாலும் உன் வாசலை மிதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணியதும் உனக்குத் தெரியாது. ஆகையால் இந்தப் பாகு உனக்காகக் காய்ச்சியது என்று நினைத்துவிடாதே. வெல்லவாயிலிருந்து வந்த பழம் மூலையில் கிடந்து பழுதாகிறதே என்று காய்ச்சினேன், அவ்வளவுதான்.

சதையைக் கரைத்து, விதையும் நாரும் வடித்து, கித்துள் கருப்பட்டி போட்டு, இஞ்சி, மிளகு, ஏலம், கறுவா, கராம்பு எல்லாம் தட்டிப்போட்டுக் கிண்டிய பிறகுதான் நினைவு வந்தது, எனக்கு நோன்பு, ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். துப்ப மனம் வருமா என்பது எனக்கு நிச்சயமில்லை. வீட்டில் மற்ற எல்லோருக்கும் நோன்பு. தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து பால் கொண்டுவரும் இராக்கம்மாவைக் கூப்பிட்டால், "ஐயோ உம்மா, எனக்குக் கந்தசஷ்டி விரதமுங்க. பச்சத் தண்ணி மட்டுந்தான்" என்று கையை விரித்தாள். இந்த ஊரில் இன்றைக்குத் தின்கிற மனுஷரே இல்லையா என்றேன். "எங்க வீட்டுக்காரரு இருக்காருங்க, அவரு எதுக்கும் விரதம் இருக்கறதில்ல" என்று வெளியே நின்ற அழகையாவை உள்ளே தள்ளினாள். சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன்.

"இனிப்புக் காணுமா?"

"காணுங்க உம்மா, போதும்."

"கூடிப்போச்சோ?"

"ஆமாங்க, கூடத்தான்."

"அப்ப புளிப்பு?"

"அதுவும் இருக்குங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்துனீங்கன்னா சரியாச் சொல்லிருவேன்."

மூன்று சிரட்டை போனது. அடுத்த சிரட்டைக்கு இனிப்புக் குறைவு என்றான், கருப்பட்டி போட்டேன், பிறகு அவனே புளிப்புக் குறைவு என்றான், புளி கரைத்து ஊற்றினேன். கடைசியில் இராக்கம்மா மெதுவாக, "அவருக்குப் பத்து நாளாத் தடுமம் உம்மா. வாசமும் தெரியாது, ருசியும் தெரியாது" என்றாள். முதலிலேயே சொல்வதற்கென்ன என்று பாய்ந்தேன். "விரதமான்னு தானே கேட்டீங்க, நாக்கு இருக்கான்னு கேக்கலீங்களே!" என்கிறாள். அவளோடு நான் வாய் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பாகு அடிபிடித்துவிட்டது.

அந்த மணம், முஹ்ஸினா! உம்மாவின் பாகும் ஒரு நாளாவது அடிபிடிக்காமல் இறங்கியதுண்டா? ஆளுக்கொரு சிரட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு சட்டியடியைச் சுரண்ட நாம் எத்தனை சண்டை பிடித்திருப்போம். நோன்பு திறந்து, பேரீச்சம்பழம் ஒன்று தின்று, சட்டியைக் கிட்ட இழுத்து உட்கார்ந்தேன். யாரும் என் கையைத் தட்டிவிடவில்லை. சட்டியடி முழுக்க எனக்கே. பாதிகூட இறங்கவில்லை.

மேலே இருந்ததை வழித்துப் பீங்கான் ஜாடியில் போட்டு, வாழையிலையால் கட்டி, பாறூக்கிடம் கொடுத்தனுப்புகிறேன். தின்றாலும் சரி, கோழிக்குப் போட்டாலும் சரி. பதில் எழுத வேண்டாம், ஜாடியைக் கழுவி அனுப்பினால் போதும். நான் அங்கே வருவேன் என்று கனவிலும் நினையாதே. உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் உண்ண ருசியும் தரட்டும். ஹம்ஸியாவுக்கு என் துஆ. உனக்கும்தான்.

இப்படிக்கு, மறக்காத ராத்தா,
லரீபா

பின்குறிப்பு: இதைப் பாறூக்கின் பென்சிலால் எழுதுகிறேன். ஜாடி கட்டு நிற்கவில்லை. பண்டாரவளைக்குப் போகும் வண்டிக் குலுக்கத்துக்கும் அப்புறம் ரெயிலுக்கும் யாராவது மடியில் வைத்துப் பிடித்தால்தான் தப்பும் போலிருந்தது. பாறூக்கை நம்ப முடியாது. உன் வாசலில் நிற்கிற வண்டியில்தான் இருக்கிறேன். கடிதத்தை அவனிடம் கொடுத்து முன்னால் அனுப்புகிறேன். நீ வந்து "வாங்க ராத்தா" என்று சொல்லாமல் இறங்கமாட்டேன், எனக்கும் ரோஷம் இருக்கிறது. ஜாடி கனக்கிறது, கால் இரண்டும் மரத்துவிட்டது, சீக்கிரம் வா.