மூன்று முறை கூப்பிடும் டவாலி அக்கா

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து புதுவாயல் கூட்டு ரோடு வரை நிற்கிற டிரெய்லர் லாரிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தாலும், நடுவே டவாலி அக்கா கூப்பிட்டால் அவரவர் பெயர் அவரவர் காதில் விழும். இதை நான் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

கோர்ட் வாசலில் வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்புப் பட்டையுமாக நின்று பெயரை மூன்று முறை கூப்பிடுவாரே, அவர்தான் டவாலி. எங்கள் அக்காவுக்கு அந்த உத்தியோகம் இல்லை. இலவச சட்ட உதவி மையத்தில் தொண்டர். விதவை பென்ஷன், பட்டா, மிஷினில் விரல் போனவனுக்கு இழப்பீடு என்று எதற்கு யார் வந்தாலும் மனு எழுதி, வக்கீலிடம் சேர்த்துவிடுவார். அதோடு விட்டிருந்தால் நல்ல மனுஷி என்று சொல்லிவிட்டு மறந்திருப்போம். அக்கா விடமாட்டார். கோர்ட் தேதி விழுந்த நாளிலிருந்து, அந்த ஆளை எங்கே பார்த்தாலும் டவாலி மாதிரி மூன்று முறை பெயரைக் கூப்பிடுவார். மூன்றாவது முறைக்குள் "ஆஜர்!" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் நேரில் வந்து திட்டுவார்.

பஸ்ஸில் கூப்பிடுவார். மீன் மார்க்கெட்டில் கூப்பிடுவார். பழவேற்காட்டு பாய் ஒருவர் தலையில் கூடை இருப்பதை மறந்து "ஆஜர்" என்று இரண்டு கையையும் தூக்க, பாதி இறால் சாக்கடையில் ஆஜரானது. அம்மாவின் நில வழக்குக்காக அலைந்த ஒரு மாப்பிள்ளை, தாலியைக் கையில் எடுத்த நேரம் பந்தலின் கடைசி வரிசையிலிருந்து குரல் வர, தாலியோடு எழுந்து நின்று "ஆஜர்" என்றார். அந்தப் பெண் இன்றுவரை அக்காவோடு பேசுவதில்லை.

நான் மாட்டியது ஒரு கவரால்.

கம்பெனியில் மூன்று டன் சரக்கை ஃபோர்க் லிஃப்டில் தூக்குகிறவன் நான். ஆனால் கோர்ட் சீல் வைத்த ஒரு கவரைத் தூக்க எனக்கு ஆள் வேண்டும். பதினோரு வருஷமாகக் குடியிருந்த வீட்டை இடித்து, வேலையாட்களுக்கு ரூம் ரூமாகக் கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்று ஹவுஸ் ஓனருக்கு ஆசை. தண்ணீர் மோட்டாரை நிறுத்திப் பார்த்தார், நான் அசையவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார், அசைந்தேன். மகள் பிளஸ் ஒன். பள்ளிக்கூடம் எதிர்ச் சந்தில். சம்மனை வாங்கிய நான் யோசித்து, நிதானமாக, ஒரு ஆண்மகனாக முடிவெடுத்து, அதை அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.

மறுநாள் உலை வைக்கப் போன என் மனைவி லட்சுமி, அரிசியோடு சம்மனையும் அளந்து எடுத்தாள்.

"இன்னா இது? கோர்ட்டுக்கு வான்னு கூப்புட்டா, நீ அரிசில பொதச்சி வெச்சிக்கினு கீற?"

"மாங்கா மாதிரி... கொஞ்ச நாளு கெடக்கட்டுமேன்னு..."

அவள் என் சட்டையைப் பிடித்த பிடியில் அக்காவின் மேஜை முன்னால் போய் நின்றோம்.

"வக்கீலுக்கு எவ்ளோக்கா?" என்றேன்.

"ஒண்ணும் கெடையாது. கம்பெனித் தொழிலாளிக்கு ஃப்ரீ."

"ஃப்ரீன்னா ஒயுங்கா வாதாடுவாங்களா?"

"ரேஷன் அரிசி கூட ஃப்ரீதான் நைனா. ஒலைல போட்டா வேவாமலா கீது?"

லட்சுமி சிரித்தாள். அரிசி விஷயத்தை எந்நேரத்தில் அக்காவிடம் சொன்னாள் என்று இன்றும் தெரியவில்லை.

"இதோ பாரு ஏகாம்பரம். நாயம் பேசறதெல்லாம் அப்பால. மொதல்ல ஆஜர். மூணு தபா கூப்டு நீ இல்லாங்காட்டி, ஆளு வரலைன்னு எய்திக்குனு அந்தாளு கேட்டதக் குட்த்துருவாங்க. ஊடு போச்சி."

அன்றிலிருந்து இரண்டு வாரம் எனக்குப் பெயர் என்பதே பேஜாராகிவிட்டது. சலூனில் பாதி மீசை எடுத்திருக்கும்போது கூப்பிட்டார். "ஆஜர்" என்றேன், மீதி மீசையும் போனது. ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி கேட்டில் கூப்பிட்டார். என்னோடு சேர்ந்து எங்கள் சூப்பர்வைசரும் "ஆஜர்" என்றார். அவருக்கு வழக்கே கிடையாது.

தேதி வந்தது. மையத்திலிருந்து கொடுத்த வக்கீலம்மா காத்திருந்தார். நான் கையெழுத்துப் போட்ட வக்காலத்துத் தாளைக் கொடுத்தால்தான் அவர் எனக்காக நிற்க முடியும். தாள் என் சட்டைப் பையில். நானோ, காலையிலிருந்து ஏழாவது முறையாக, கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த கக்கூஸில்.

அன்று பார்த்து கோர்ட் டவாலிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "ஏகாம்பரம்" என்றாராம். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி "ஏகாம்பரம்" என்றாராம். வக்கீலம்மா வாசலுக்கும் வராந்தாவுக்கும் ஓடினாராம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. எனக்குக் கேட்டது மூன்றாவதுதான். அது டவாலியுடையது அல்ல.

"ஏ...கா...ம்ப...ரம்!"

என் மூளை அப்போதும் ஒளிந்துகொண்டுதான் இருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் "ஆஜர்!" என்றது. உடம்பு வாயின் பின்னாலேயே ஓடியது. ஒரு கையில் வக்காலத்து, ஒரு கையில் பேண்ட், ஒரு காலில் செருப்பு.

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "எங்கேர்ந்து வர்றீங்க?"

"பாத்ரூம்லேர்ந்துங்கம்மா."

"கையாவது கழுவினீங்களா?"

"இங்கயும் தண்ணி வரலீங்கம்மா."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. "இங்கயும்னா?"

நான் மோட்டார் கதையைச் சொன்னேன். வக்கீலம்மா என் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். அன்று சாயங்காலமே எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது. அப்புறம் மக்கள் நீதிமன்றத்தில் உட்கார வைத்துப் பேசினார்கள். மகள் பிளஸ் டூ முடிக்கும் வரை யாரும் எங்களை அசைக்கக் கூடாது என்று ஓனரே கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்: "இன்னாத்துக்குக்கா இப்டி ஊரையே கூப்டுக்கினு திரியற?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க ஊட்டுக்காரரைக் கோர்ட்ல கூப்டப்போ அவரு பயந்துக்கினு வெளிய கேட்டாண்ட டீ குட்ச்சிக்கினு இருந்தாரு. அத்திப்பட்டாண்ட ஒரு ஊடு இருந்திச்சி நைனா எங்களுக்கு." டிக்கெட்டை நாலாக மடித்துக்கொண்டே, "டீ நல்லா இருந்திச்சாம்" என்றார்.

போன மாதம் அக்காவுக்குத் திருவள்ளூரில், காப்பீட்டுத் திட்டத்தில் கண் ஆபரேஷன். துணைக்கு நான் போனேன். நர்ஸ் வந்து "சுகந்தி" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. "சுகந்தி." பெஞ்சில் இருந்த எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எதேச்சையாக என் மடியிலிருந்த அக்காவின் சீட்டைப் பார்த்தேன், அதில் சுகந்தி என்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அக்காவுக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் பையை நெரித்துக்கொண்டிருந்தன. நர்ஸ் அடுத்த சீட்டை எடுத்தார்.

நான் எழுந்து நின்றேன். வார்டு அதிரக் கூப்பிட்டேன். "டவாலி அக்கா! டவாலி அக்கா! டவாலி அக்கா!"

சில்லென்று ஒரு கை என் கையைப் பிடித்தது. அத்தனை சின்னக் குரலை அக்காவிடம் நான் கேட்டதே இல்லை.

"ஆஜர் நைனா."