பாஷை ஒன்று, ரோடு வேறு

புது டிஸ்க் பெட்டியில் பச்சை விளக்குகள் எரிந்தன. கம்ப்யூட்டரோ, அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று சாதித்தது.

கம்ப்யூட்டர் பொறுப்பாளர் ஜாபேஸ், அருப்புக்கோட்டை மில்லில் பதினோரு வருஷம் பஞ்சுத்தூசி தின்றபிறகு ஏசி அறைக்கு வந்தவர். அந்தத் தொண்ணூற்றெட்டில் முதலாளி சங்கரபாண்டியன் பெட்டியை வாங்கியதே அவர் பேச்சை நம்பித்தான். "நாலு மணிக்குள்ள ஓடலேன்னா நீரு பழையபடி பஞ்சுக்கூடத்துக்கே போயிரும்" என்று நேற்றுச் சொன்னதையே காலையிலும் சொல்லிவிட்டார்.

பழைய டிஸ்க், கம்ப்யூட்டரோடு 'ஸ்கஸி' என்ற பாஷையில் பேசும் வகை. புதுசு 'ஃபைபர் சேனல்'. புதுசு வந்தபின் பழைய பாஷை எதற்கு? ஸ்கஸி புரோகிராமை அழித்தார்.

பழைய டிஸ்க்கும் காணாமல் போனது. எந்த நூல் எந்தப் பஞ்சில் நூற்றது என்ற ஆறு வருஷ விவரமும் அதோடு போனது.

மதுரை இன்ஜினியர் ராஜபாண்டிக்குப் போன் போட்டார்.

"ஸ்கஸிய அழிச்சீகளா! அண்ணாச்சி, ரெண்டுக்கும் பாஷை அதுதான். முன்ன செம்புக் கம்பியில போச்சு, இப்பக் கண்ணாடி இழையில வெளிச்சமாப் போகுது. ஃபைபர் சேனல்ங்கிறது ரோடு. நரிக்குடிக்கு எழுதுன லெட்டரு பஸ்ஸுல போனா என்ன, ரயில்ல போனா என்ன?"

புரோகிராமைத் திரும்ப ஏற்றினார். பழையது வந்தது. புதுசு வரவில்லை.

பாஷை ஒன்றென்றால் கேபிளும் ஒன்றுதானே? பழைய கேபிளைப் பிடுங்கி, புதுப் பெட்டியில் ஏறக்குறையப் பொருந்திய துளையில் வைத்து அழுத்தினார். 'நறுக்'கென்றது. இரண்டு ஊசிகள் படுத்துவிட்டன.

அறை பெருக்கும் முத்துத்தாய் கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். அதைக் கொண்டு நிமிர்த்தி, கேபிளைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு மறுபடி போன்.

"ரயிலத் தூக்கித் தார் ரோட்டுல விட்டீகளாக்கும்! கண்ணாடி வயரக் கழத்தி, நுனிய வெள்ளப் பேப்பர்ல ஒத்திப் பாருங்க. அழுக்கிருந்தா வெளிச்சம் போகாது."

ஒற்றினார். கடுகளவு எண்ணெய்க் கறை.

எண்ணெய்! நேற்று ஆயுத பூஜை. வயர்களெல்லாம் மாட்டாமல் மேசையில்தான் கிடந்தன. சாப்பாட்டுக் கேரியரோடு வந்த மனைவி ஜெப ஷீலாவிடம், "இது ஓடலேன்னா என் வேல போச்சு. இதுல முத்துத்தாயி வேற பூஜைங்கா" என்று புலம்பி, மனைவியைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுத்தான் கைகழுவவே போனார். அப்படியும் முத்துத்தாய் கை வைத்துவிட்டாளே!

ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டினார். மணி மூன்று ஐம்பது. திரையில் புது டிஸ்க் வந்து நின்றது.

போன உயிர் திரும்பியதும் கோபமும் வந்தது.

"ஏத்தா முத்துத்தாயி! எண்ணெக் கையோட மெஷினத் தொடாதன்னு எத்தன தடவ சொன்னேன்?"

விளக்குமாற்றைக் கீழே போட்டாள் முத்துத்தாய். "நான் வாச நெலையில சந்தனம் வச்சதோட சரி சார். ஒங்க வேல போயிறக் கூடாதுன்னு அழுதுக்கிட்டே, மூடியக் கழத்திக் கழத்தி ஒவ்வொரு வயரு நுனிக்கும் சர்ச்சுல குடுத்த ஜெப எண்ணெ பூசுனது காவலுக்கு இருந்த ஒங்க வீட்டு அக்காதான்."