தகுந்த ஆலோசனை வழங்கப்பட்டது

ஏழாம் சீட்டுக்காரருக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்துவிட்டது. வந்ததுதான் வந்தது, அவர் விடுப்பில் இருக்கிற நாளாகப் பார்த்து வந்திருக்கக் கூடாதா? சரியாக அவர் மேஜையில், அவர் கண் முன்னால், எல்லோரும் பார்க்க வந்து விழுந்தது.

அது ஒரு மின்விசிறிக் கம்பெனியின் குறைகேட்கும் பிரிவு. முப்பது பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஃபேன் ஆடுகிறது, ஃபேன் அழுகிறது, நாலில் வைத்தால் இரண்டில் சுற்றுகிறது என்று நாள் முழுக்க வசவு கொட்டும். அந்தப் பிரிவு ஆரம்பித்ததிலிருந்து திட்டு வராத நாள் கிடையாது. நன்றி வந்த நாளும் கிடையாது. அதனால் கடிதத்தை எட்டாம் சீட்டுப் பெண் பிடுங்கிக்கொண்டு உரக்கவே படித்துவிட்டாள்.

"ஐயா, சென்ற வியாழன் பிற்பகல் இரண்டு பத்துக்கு என் குறையைக் கேட்ட ஏழாம் சீட்டு ஊழியருக்கு மனமார்ந்த நன்றி. நாற்பது நிமிடத்தில் ஒருமுறைகூட அவர் குறுக்கே பேசவில்லை. பல நாளாகத் தீராமல் இருந்த குறை அன்றே தீர்ந்தது. ஆள் அனுப்ப வேண்டாம். ஃபேனை மாற்றவும் வேண்டாம். அவரை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள்."

"அண்ணே! சொல்லவே இல்லயே நீங்க!" என்றாள் எட்டாம் சீட்டு.

ஏழாம் சீட்டுக்காரர் கடிதத்தை வாங்கி, கிழமையையும் நேரத்தையும் இன்னொரு முறை பார்த்தார். ஏனென்றால் சென்ற வியாழன் இரண்டு பத்துக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அவர் வீட்டில் எட்டு மாத இரட்டைக் குழந்தைகள். இரண்டுக்கும் பல் முளைக்கிற பருவம். போதாக்குறைக்கு அவருக்குக் குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை, அடுத்த வீட்டுக்காரர் ஒருமுறை, "ராத்திரி நேரத்துல மரம் அறுக்குறீங்களா?" என்று மரியாதையாகவே விசாரித்திருக்கிறார்.

"உங்க கொறட்டையில ஒண்ணு முழிக்குது, அது அழுறதுல இன்னொண்ணு முழிக்குது. ரெண்டையும் தூங்க வச்சுட்டு நான் தலையச் சாய்ச்சா, நீங்க மறுபடி ஆரம்பிக்கிறீங்க. நான் எங்கங்க போவேன்?" என்று மனைவி ஒருநாள் கண் கலங்கக் கேட்டாள். அன்றிலிருந்து மனுஷர் சமையலறை நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தூக்கம் வந்தால் கன்னத்தைக் கிள்ளிக்கொள்வார். மனைவிமேல் அவ்வளவு பிரியம். இடது கன்னம் கொஞ்சம் தடித்தே போயிருந்தது.

இப்படி இருபது நாள் தூங்காத மனுஷரின் காதில், அந்த வியாழக்கிழமை, சாப்பாடு முடிந்த கையோடு ஒரு பெண் குரல் வந்தது. அவசரமில்லாத, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து எடுத்து வைக்கிற குரல். "வணக்கம். எங்க வீட்டு ஃபேனைப் பத்திச் சொல்லணும்..." அதுவரை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு அவர் ஒரு படகில் மல்லாந்து கிடந்தார். கரையே தெரியாத தண்ணீர். மேலே மேகங்கள் ஒன்றையொன்று முந்தாமல் வரிசையில் போயின. எங்கிருந்தோ அந்தக் குரல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. என்னவென்று புரியவில்லை; ஆனால் வர வேண்டியதெல்லாம் நேரத்துக்கு வந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. அப்புறம் குரலும் நின்று, தண்ணீரின் சலசலப்பு மட்டும் இருந்தது.

'பீப்' என்றதும் விழித்தார். நாற்பது நிமிடத்தில் அழைப்பு தானாகவே துண்டித்துக்கொள்ளும், அது அங்கே ஏற்பாடு. திரையில் 'வழங்கிய தீர்வு?' என்று ஒரு கட்டம் கண்சிமிட்டியது. காலியாக விட்டால் அடுத்த அழைப்பு வராது. இரண்டு பக்கமும் பார்த்தார்; ஹெட்போன் மாட்டிய காதுகள் அவரவர் வசவில் மூழ்கியிருந்தன, யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. தட்டினார்: 'தகுந்த ஆலோசனை வழங்கப்பட்டது.'

அன்று சாயங்காலம் இன்னொரு சோதனை. அவர் மனைவி ஏதோ வாரப் பத்திரிகையில் படித்துவிட்டு வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். துணி மடிக்கும்போது அன்றைக்கு நடந்த நல்லது ஒன்றை ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். மனசு லேசாகுமாம்.

"இன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பசி வரல. அது நல்லது. உங்களுக்கு?"

"லிஃப்ட் வேலை செஞ்சுது."

"அதைத்தானே நேத்தும் சொன்னீங்க?"

"இன்னிக்கும் வேலை செஞ்சுதே!"

அவர் நெஞ்சு முட்ட ஒரு நல்லது இருந்தது. நாற்பது நிமிடம், படகு, மேகம். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு குட்டிச் சட்டைகளை மடிக்கிறவளிடம், "நான் மட்டும் நல்லா தூங்கினேன்" என்று எந்த வாயால் சொல்வது? வாழ்க்கையில் நன்றி சொல்ல ஒரு விஷயம் கிடைத்து, அதை வெளியில் சொல்ல முடியாமல் போன பாவி அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இப்போது இந்தக் கடிதம்.

பிரிவின் மேலாளருக்குப் 'புள்ளிவிவரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மனுஷர் எதையும் சதவீதத்தில்தான் பேசுவார். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழாம் சீட்டுக்காரரை அறைக்குள் கூப்பிட்டார்.

"ஆள் போகல. சாமான் போகல. போன்லயே குறை நூறு சதவீதம் தீர்ந்திருக்கு! எப்படிய்யா செஞ்சீங்க?"

"கடமையைத்தான் சார் செஞ்சேன்."

"என்ன ஆலோசனை சொன்னீங்க?"

"தகுந்த ஆலோசனை சார்."

"அதான், என்னது?"

அந்த அம்மாளின் குறை என்னவென்றே தெரியாத மனுஷர் என்னத்தைச் சொல்வார்? ஃபேன் ஆடியதா, அழுததா, கழன்று விழுந்ததா, ஒன்றும் தெரியாது. தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட உண்மையின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

"நான் ஒண்ணும் பேசலை சார். பேசாம இருந்தேன். அவ்வளவுதான்."

புள்ளிவிவரம் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "இதுதான்யா விஷயம்! நாம பேசிப் பேசியேதான் கெடுக்குறோம்!"

மறுநாள் காலை உத்தரவு ஒட்டப்பட்டது. இனி முப்பது பேரும் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும்.

அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்! அவ்வளவு பெரிய கூடத்தில் ஈ பறந்தால் கேட்கும். முப்பது பேர் ஹெட்போனோடு, பாதி மூடிய கண்ணோடு, ஏதோ தவத்தில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். சன்னல் வழியே வெயில் மெதுவாக மேஜை மேஜையாக நகர்ந்தது. கூரையில் கம்பெனியின் சொந்த ஃபேன்கள் முணுமுணுத்தன. கனவுபோலத்தான் இருந்தது.

ஆனால் போனின் மறுமுனையில் இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. "ஹலோ? ஹலோ? யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார்கள். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். ஃபேன் ஓடவில்லை என்பது ஒரு குறை, ஊழியர் பேசவில்லை என்பது இரண்டாவது குறை. மத்தியானத்துக்குள் குறைகள் மூன்று மடங்காகிவிட்டன. ஒருத்தர் பயந்துபோய் ஆம்புலன்ஸையே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

"முறை தப்பில்லை," என்றார் புள்ளிவிவரம், பிடித்த பிடியை விடாமல். "இவங்களுக்குச் செய்யத் தெரியல. உங்க அழைப்போட ரெக்கார்டைப் போட்டுக் காட்டினா எல்லாருக்கும் புரிஞ்சுடும். வெள்ளிக்கிழமை மைக் வச்சு, பெரிய ஸ்பீக்கர்ல! தலைமை அலுவலகத்துலருந்தும் வர்றாங்க."

ஏழாம் சீட்டுக்காரருக்கு உலகமே ஒரு சுற்றுச் சுற்றியது. போன வருடம் இருபத்திரண்டாம் சீட்டு பத்து நிமிடம் கண்ணயர்ந்ததற்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இது நாற்பது நிமிடம். அதுவும் சத்தத்தோடு.

"சார்... அந்தம்மா நம்மளை நம்பிச் சொன்ன குறை. அவங்க சம்மதம் இல்லாம எல்லார் முன்னாடியும் போடுறது..." கடைசிக் கிளையைப் பிடித்துக்கொண்டார்.

புள்ளிவிவரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கரெக்ட்! வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாம ரெக்கார்டை யாருமே திறக்கக் கூடாதாம். நான்கூட." ஏழாம் சீட்டுக்காரர் பெருமூச்சு விடுவதற்குள் ஒரு படிவத்தை நீட்டினார். "நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க. உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப் போறாங்க?"

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

வீட்டுக்குப் போனால் அங்கே அதைவிட மோசம். எட்டாம் சீட்டு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மனைவி துணிக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு மடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு வெளிச்சம்.

"எங்கம்மாக்குச் சொல்லிட்டேன். அண்ணனுக்கும் சொல்லிட்டேன். ஏங்க, இவ்வளவு அசதியிலயும் யாரோ ஒருத்தருக்கு நாற்பது நிமிஷம் காது குடுத்திருக்கீங்களே! நான் உங்க மேல எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன், நாற்காலிக்குத் துரத்துனேன். நீங்க அங்க போய் இன்னொருத்தர் குறையத் தீர்த்து வச்சிருக்கீங்க." மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்கு எனக்கு நல்லது இதுதான். உங்களுக்கு?"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "லிஃப்ட்..." என்றார்.

"போங்க!" என்று சிரித்து, ஒரு குட்டிக் காலுறையை அவர்மேல் எறிந்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது! இந்தச் சிரிப்பு போய்விடக் கூடாதே என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. வேலை போனால் இதுவும் போய்விடும்.

மறுநாள் மத்தியானம் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த முகவரிக்குப் போனார். அமைதியான தெரு, வெயிலில் கிறங்கிக் கிடந்தது. மூன்றாம் மாடி. கதவுக்கு முன்னால் நின்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். கையெழுத்துப் போடாதீர்கள் என்றால், ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், ஏமாற்றிவிட்டாயே என்று நன்றிக் கடிதத்துக்குப் பதிலாக வேறு கடிதம் எழுதுவார்கள். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஸ்பீக்கரே சொல்லிவிடும். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது.

கதவு திறந்தது. நரைத்த கொண்டை போட்ட அம்மாள் ஒருவர், பளிச்சென்ற சேலையில் நின்றார்.

"வாங்க. யாரு?" அதே குரல். கேட்டதுமே அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"ஃபேன் கம்பெனிங்க. ஏழாம் சீட்டு."

"அட! நீங்களா தம்பி! உள்ள வாங்க, உள்ள வாங்க!"

கூடத்தில் சோபாவில் உட்கார வைத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவராம். "என் குரலைக் கேட்டாலே ஊரே மூட்டைய தூக்கிட்டு ஓடும் தம்பி," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ஏழாம் சீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க. அன்னிக்கு நீங்க பேசினப்போ நான் தூங்கிட்டேன். வீட்டுல ரெட்டைக் குழந்தைங்க. இருபது நாளா தூக்கமே இல்ல. உங்க குறை என்னன்னுகூட எனக்குத் தெரியாது. அந்த நாற்பது நிமிஷம்தான் இந்த மாசத்துல நான் கண்ட ஒரே நிம்மதி. நன்றின்னா நான்தான் உங்களுக்குச் சொல்லணும்."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கிவிட்டது. இனி வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "தூங்கினது தெரியும் தம்பி. கொறட்டைதான் கேட்டுச்சே," என்றார். "பேசி மூணு நிமிஷம்கூட ஆகியிருக்காது."

"தெரிஞ்சுமா நன்றிக் கடிதம் எழுதுனீங்க?"

அந்த அம்மாள் மேலே கை காட்டினார். வெள்ளை வெளேரென்று புது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏதாவது சத்தம் கேக்குதா?"

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "ஒண்ணுமே கேக்கலயே. நல்லாத்தானே ஓடுது?"

"அதான் என் குறை. முப்பத்தொரு வருஷம் தடதடன்னு ரயில் சத்தத்துலயே தூங்கிப் பழகினவ நான். இங்க வந்தப்புறம் பழைய ஃபேன் கடகடன்னு ஓடுச்சு, அதை வச்சு ஒப்பேத்திட்டு இருந்தேன். மகன் பாசமா இந்தப் புதுசை வாங்கி மாட்டிட்டுப் போயிட்டான். பதினோரு நாள் தம்பி, பொட்டுத் தூக்கம் கிடையாது. கொஞ்சம் சத்தம் போடுற மாதிரி மாத்தித் தருவீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"ஃபேனை யாரும் தொடவே இல்லயே! அப்புறம் எப்படிங்க அன்னிக்கே குறை தீர்ந்துச்சு?" என்று கேட்டார் ஏழாம் சீட்டுக்காரர். கேட்டுக்கொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று, அந்தப் படிவத்தையும் விவரத்தைச் சொல்லி நீட்டினார்.

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை வரி வரியாகப் படித்தார். ஸ்பீக்கர் என்ற இடத்தில் நின்றார். பிறகு நாலாக மடித்து அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார்.

"செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. அந்த மூணு நிமிஷத்துக்கப்புறம் அதுல கேக்குற கொறட்டை உங்களோடது மட்டும் இல்ல."