மலைக்குச் செவியா, மூக்கா?

காசாபிளாங்காவில் நலமாக இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் லஹ்சன் அவர்களுக்கு, தங்கை கணவன் ஹம்மூ சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் கோவேறு கழுதையும் சுகம். உங்கள் முட்டிவலி நீங்க அல்லாஹ் அருள் புரியட்டும்.

வெள்ளிக்கிழமை என் மகள் இஸ்ஸாவின் கல்யாணத்துக்குக் கிளம்பி வராதீர்கள். கல்யாணம் நின்றுவிட்டது. நிறுத்தியவன் நான்தான்.

நம் ஊருக்கு மேலே நிற்கும் சிகரம் கழுதைச்செவி என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாப்பிள்ளை ஊர்க்காரர்கள் அதை மாமியார் மூக்கு என்கிறார்கள். அங்கே சம்பந்தம் வேண்டாம் என்றேன், உங்கள் தங்கை ரகியா கேட்டாளா? இப்போது மலையேற வருகிறவர்களுக்காகப் பெயர்ப்பலகை வைக்க ஓர் அதிகாரி வந்து, நம் புதினாத் தேநீரை மூன்று கிளாஸ் குடித்துவிட்டு, "ஒரு பேரைச் சொல்லுங்க, பலகை ஒண்ணுதான் இருக்கு" என்றார். போச்சு! மாப்பிள்ளையின் அப்பா மோஹா துள்ளிக் குதித்தார். "செவின்னு எழுதினா என் பையன் உங்க பொண்ணைக் கட்டமாட்டான்யா!" நான் விடுவேனா? "மூக்குன்னு எழுதினா என் பொண்ணு உங்க வாசப்படியே மிதிக்கமாட்டா, போய்யா!" இஸ்ஸா அழுதாள். ஆனால் சொன்னதை எப்படித் திரும்ப விழுங்குவது? ரகியாதான், "ரெண்டு பேரும் மேல போய்ப் பாத்துட்டே வாங்க" என்று ரொட்டியும் ஆலிவும் நிறையக் கட்டிக்கொடுத்துத் துரத்தினாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான், இரண்டு ஊரிலும் ஒருத்தனும் அந்த உச்சிக்குப் போனதில்லை. புல் முடிகிற இடத்தில் ஆடு திரும்பும், ஆட்டோடு நாமும் திரும்புவோம். நாக்குத் தள்ளி, மோஹாவை நான் இழுத்து, என்னை அவர் தள்ளி, மேலே போய்ப் பார்த்தால், யா அல்லாஹ், அங்கே இரண்டு உச்சி! நாங்கள் நின்றது செவி, பள்ளத்துக்கு அப்பால் மூக்கு. அவரவர் ஊரிலிருந்து அவரவர் உச்சிதான் தெரியும். இத்தனை காலமும் வேறு வேறு உச்சியைப் பார்த்து ஒரே பெயருக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். கட்டிப்பிடித்து அழுதோம். அத்தோடு இறங்கியிருக்கலாம். பாவி மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆனா எங்க மூக்குதான் ஒரு முழம் உசரம், கவனிச்சீங்களா?" என்றார்.

மூக்குக்கே இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து பார்த்தால் செவி உசரம்! "இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன். "மறுபடி அங்க போய்ப் பாப்போம்" என்றார். போனோம். மூக்கு உசரம். வந்தோம். செவி உசரம். பகலெல்லாம் நடை, பொழுது சாய்ந்தால் கணவாயில் மேய்ப்பர்களின் கல்குடிசை. எத்தனை நாள் போனது என்று நான் எண்ணவில்லை. இது தீராமல் என் பெண்ணைக் கொடுக்கமாட்டேன். சிக்னல் இல்லாததால் இதைக் கழுதைக்காரர் யாரிடமாவது கொடுத்தனுப்புவேன்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
ஹம்மூ

பின்குறிப்பு: கழுதைக்காரர் இப்போதுதான் மேலே வந்தார். இன்று சனிக்கிழமையாம். "உங்க சம்சாரம் சொல்லிவிட்டாங்க, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாம், இனிமே நீங்க இறங்கி வரலாமாம்" என்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்து வாழ்த்தியது நீங்கள்தானாமே! ஆகவே இதைக் காசாபிளாங்காவுக்கு அனுப்பவில்லை, என் வீட்டுக்கே அனுப்புகிறேன். இஸ்ஸா சிரித்த முகமாக இருந்தாளா மச்சான்? மோஹா பக்கத்தில் குலுங்கிக் குலுங்கி அழுகிறார், எனக்கும் எழுத்து தெரியவில்லை. கல்யாணக் கறி மிச்சமிருந்தால் எங்கள் இருவருக்கும் ஒரே தட்டில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.